பிளெக்ஸ் தமிழ் போனில் நிற்காது

மதுரை மாசி வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக் கடைக்கு வெப்சைட் போட ஒப்புக்கொண்டால், முதலில் கைக்கு வருவது மேட்டர் அல்ல, பேனர் அடிக்க கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருளில் செய்த ஃபைல். "எல்லாம் இதுலயே இருக்கு தம்பி, எடுத்துப் போட்ருங்க" என்பார்கள். தனியாக வேலை பார்க்கும் டிசைனருக்கு இரண்டு நாள் போவது அந்த "எடுத்துப் போட்ருங்க"வில்தான்.

பிளெக்ஸ், பத்திரிகை வேலைகள் பல இன்னும் பாமினி மாதிரியான பழைய ஃபான்ட்டில் நடக்கின்றன. அவை யூனிகோடு, அதாவது எந்தக் கணினியும் போனும் தமிழாகவே படிக்கும் பொதுக் குறியீடு, அல்ல. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. 'தமிழ்' என்பதைக் காப்பி செய்து ஒட்டினால் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வந்து நிற்கும். கன்வெர்ட்டரில் போட்டால் தமிழ் வந்துவிடும். ஆனால் நடுவில் இருந்த இமெயில் முகவரியையும் ஆங்கில பிராண்ட் பெயரையும் அது தமிழாக்கிக் குப்பையாக்கிவிடும். அவற்றை முன்பே வெட்டித் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அச்சுக்காக 'கர்வ்' ஆக்கிய ஃபைலில் காப்பி எடுக்கவே வழியில்லை. அங்கே எழுத்து கிடையாது, வெறும் கோடுகள்தான். ஒரு பக்க மேட்டர் என்றால் மல்லுக்கட்டாமல் புதிதாக டைப் செய்வதே வேகம். டைப்பிங்கை கொட்டேஷனில் தனி வரியாகப் போடுங்கள். மொத்தத்தோடு சேர்த்தால் இலவசம் என்றுதான் நினைப்பார்கள்.

டைப் செய்து வரும் மேட்டரையும் நம்ப முடியாது. துணைக்கால் வரவேண்டிய இடத்தில் 'ர' அடித்திருப்பார்கள். பல ஃபான்ட்டுகளில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 'ஔ'வுக்குப் பதிலாக ஒ, ள இரண்டையும் தட்டுவதும் இதே ரகம். படிக்கிறவர் கடந்துபோவார், தேடுபொறி கடக்காது. பக்கத்தைத் திறந்து, பிரவுசரின் தேடலில் 'சேலை', 'மாலை' என்று கடையின் முக்கியச் சொற்களைத் தட்டிப் பாருங்கள். கண்ணெதிரே இருக்கும் 'மாலை'யை அது காட்டவில்லை என்றால் உள்ளே 'ர' இருக்கிறது.

அடுத்தது டெம்ப்ளேட், அதாவது ஆயத்தமாகக் கிடைக்கும் பக்க அமைப்பு. ஆங்கிலத்துக்கு வரைந்த பட்டனில் 'முன்பதிவு செய்யுங்கள்' அடங்காது. 360 பிக்சல் அகலப் போனில் இருபுறமும் 16 விட்டால் மிச்சம் 328தான். 36 பிக்சலில் வைத்த தலைப்பில் 'கைத்தறிச் சேலைகள்' இரண்டாக மடியும், சேர்த்து எழுதிய நீளச் சொல் திரையை விட்டே வெளியேறும். தலைப்புக்கு 24 முதல் 26, உடல் எழுத்துக்கு 17 அல்லது 18 போதும். வரி உயரம் எழுத்தளவைப் போல 1.7 மடங்கு வையுங்கள். 1.3இல் மேல்வரியின் 'கூ', 'ஞு' கீழ்வரியின் 'கீ' தலையில் இடிக்கும். எழுத்து இடைவெளியைக் கூட்டவே கூடாது. சொல் பிய்ந்துபோகும்.

ஃபான்ட்டுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை இரண்டும் இலவசம். (ஊர்ப் பாசத்துக்காக மட்டும் ஹிந்த் மதுரையைச் சொல்லவில்லை. சிறிய அளவிலும் சுழி அடைபடாமல் நிற்கும்.) சாதாரணம், போல்டு இரண்டையும் ஏற்றுங்கள். போல்டை ஏற்றாமல் விட்டால் பிரவுசர் தானாகத் தடிப்பாக்கி 'ண', 'ணை' சுழிகளை மையாக அப்பிவிடும். சாய்வெழுத்து தமிழுக்கு வேண்டாம்.

படங்களில் சுங்குடிக்குத் தனிக் கவனம் வேண்டும். போனில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றினால் பக்கம் திறக்க நேரமாகும். அதற்காக எல்லாவற்றையும் ஒரே தரத்தில் நசுக்கினால் கையால் முடிந்த புள்ளிகள் கரைந்து, பிரிண்ட் சேலை மாதிரி ஆகிவிடும். முழுச் சேலைப் படத்தை 1,200 பிக்சல் அகலத்தில் வெப்பி (WebP) என்ற சிறிய பட வடிவமாக்கி 150 கேபிக்குள் கொண்டுவாருங்கள். முந்தானையின் உள்ளங்கை அளவுப் பகுதியை மட்டும் தரம் குறைக்காமல் இன்னொரு படமாகக் கொடுங்கள். டியூப்லைட்டில் எடுத்தால் மெரூன் நிறம் மாறும், சேலை திரும்பி வரும். காலை வெளிச்சத்தில், நிழலில் எடுக்கச் சொல்லுங்கள்.

சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறிய பிறகு "நாளைக்கே வேணும்" என்று வரும் ஆஃபர் பக்கத்தில் இவ்வளவையும் செய்ய முடியாது. அப்போது படங்களைக் குறையுங்கள், டைப் செய்த மேட்டரை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். திருத்தம் இரண்டு முறை என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கடைக்காரரிடம் காட்டும்போது லேப்டாப்பைத் திறக்காதீர்கள். அவர் போனையே வாங்கி, கடை வாசல் வெயிலில் நின்று காட்டுங்கள். வெளிர் சாம்பல் எழுத்து ஏன் வேண்டாம் என்று விளக்க வேண்டியிருக்காது.