தயிரில் தெரிந்தது, டெங்குவில் தெரியாதது

முதலாண்டு மாணவர்களின் முதல் ஆய்வக வகுப்புக்குத் தயிர் கொண்டுவரச் சொல்வேன். ஒரு துளியைத் தண்ணீரில் கரைத்து, கண்ணாடித் துண்டில் மெல்லத் தீற்றி, உலரவிட்டு, ஸ்பிரிட் விளக்குச் சுடரில் இரண்டு மூன்று முறை காட்ட வேண்டும். அதன்மேல் ஊதா நிறக் கிரிஸ்டல் வயலட், பிறகு அயோடின், பிறகு ஆல்கஹால், கடைசியில் சிவப்புச் சாஃப்ரனின். ஆல்கஹால் விடும்போதுதான் கை நடுங்கும். சில விநாடி கூடிப்போனால் எல்லாம் வெளுத்துவிடும். எண்ணெய்ச் சொட்டு விட்டு நூறு மடங்கு லென்ஸை இறக்கினால், ஊதாக் குச்சிகளும் மணிமாலையாய்க் கோத்த உருண்டைகளும் தெரியும். உறை ஊற்றும்போது பாலில் நாம் விடுவது இவற்றைத்தான்.

இந்த முறையை 1884இல் வெளியிட்டவர் டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம். தடித்த செல்சுவர் உள்ள பாக்டீரியா ஊதாவை விடாமல் பிடித்துக்கொள்ளும். சுவர் மெலிந்ததென்றால் ஊதா கழுவிப்போய், சிவப்பு ஏறும்.

டெங்குவிலிருந்து எழுந்து முந்தைய வாரம்தான் வகுப்புக்குத் திரும்பியிருந்த மாணவி ஒருத்தி, லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "மேடம், டெங்குவையும் இப்படிப் பாக்க முடியுமா?"

முடியாது. நம் நுண்ணோக்கியில் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே எதுவும் பிரிந்து தெரியாது. டெங்கு வைரஸின் குறுக்களவு சுமார் 50 நானோமீட்டர். ரெக்கார்டு நோட்டில் தயிர் பாக்டீரியா ஒன்றை இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு வரைந்தால், அதே கணக்கில் டெங்கு ஒரு மில்லிமீட்டர் புள்ளி. ஆனால் அளவைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. அதைச் சொல்ல ரைபோசோமைப் பற்றிப் பேச வேண்டும்.

ரைபோசோம் என்பது செல்லுக்குள் புரதம் தயாராகும் பட்டறை. அடையாறு ஆலமரத்திலும் நம் ஈரலிலும் தயிர் பாக்டீரியாவிலும் அது இருக்கிறது. பள்ளியில் நாம் படித்த ஐந்து உலக வகைப்பாட்டை விட்டேக்கர் 1969இல் தந்தார். செல்லின் அமைப்பையும் உணவு பெறும் விதத்தையும் வைத்துப் பிரித்தது அது. கார்ல் வோஸ் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளர் வேறு வழியில் போனார். ரைபோசோமில் உள்ள ஆர்என்ஏ என்ற இழை மூலக்கூறின் எழுத்துகளை, அதாவது அதில் வரிசையாகக் கோத்த வேதி அலகுகளை, உயிருக்கு உயிர் ஒப்பிட்டார். 1977இல் அவரும் ஜார்ஜ் ஃபாக்ஸும் கண்டது யாரும் எதிர்பாராதது. கூவத்தின் அடிச்சேறு போன்ற காற்றுப் புகாத இடங்களில் மீத்தேன் விடும் நுண்ணுயிர்கள், பார்வைக்குப் பாக்டீரியா போல இருந்தாலும் பாக்டீரியா இல்லை. ஆர்க்கியா என்று தனிக் கிளையே பிரிந்தது. வகைப்பாட்டு வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த கட்டம் இது.

ரைபோசோமை ஒப்பிட்டு வரைந்த இந்த உயிர் மரத்தில் டெங்குவை எங்கே வைப்பது? வைக்க வழியில்லை. அதற்கு ரைபோசோம் கிடையாது. சுமார் 11,000 எழுத்துள்ள ஓர் ஆர்என்ஏ இழை, அதைச் சுற்றிப் புரதமும் கொழுப்பும் கலந்த உறை, அவ்வளவுதான். நம் செல்லுக்குள் புகுந்து, நம் ரைபோசோமையே தன் இழையைப் படிக்க வைத்து, தன் 10 புரதங்களையும் செய்துகொள்கிறது. தமிழில் நச்சுயிரி என்று பெயர் வைத்தோம். அதில் 'உயிரி' என்ற பாதி பொருந்துமா என்று வகுப்பில் இன்றும் விவாதிக்கிறோம். வைரஸ்களுக்கென்று டேவிட் பால்டிமோர் 1971இல் தனி வகைப்பாடு கொடுத்தார்: புரதத்துக்கான செய்தி ஆர்என்ஏவை எந்த வழியில் உண்டாக்குகிறது என்பதே அதில் அளவுகோல். டெங்குவும் கொரோனாவும் அதில் ஒரே பிரிவு.

"மூணு நாள் அசித்ரோமைசின் போட்டேன் மேடம், கேக்கவே இல்ல" என்றாள் அவள். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கொடுத்தார்களாம். கேட்காதது ஏன் என்று இப்போது அவளுக்கே புரிந்தது. அசித்ரோமைசின் பாக்டீரியாவின் ரைபோசோமில் போய் ஒட்டி, புரத வேலையை நிறுத்துவது. அமாக்சிசிலின் சுவர் கட்டுவதைத் தடுப்பது. டெங்குவுக்குச் சுவரும் இல்லை, ரைபோசோமும் இல்லை. அந்த மாத்திரை போய்த் தாக்கியது அவள் குடலில் இருந்த நல்ல பாக்டீரியாக்களை. அவற்றில் தாக்குப்பிடித்தவை பெருகும். மருந்துக்கு அசையாத குணமும் கூடவே பெருகும். இதைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் பதறும்.

வைரஸை மருந்தால் பிடிக்கவே முடியாது என்றில்லை. அது சொந்தமாகக் கொண்டுவரும் கருவி எதுவென்று தேட வேண்டும். இந்தியாவில் எச்ஐவி இருப்பதை 1986இல் முதலில் வெளிக்கொண்டுவந்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும். அந்த வைரஸ் தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் நொதி ஒன்றைக் கையோடு கொண்டுவருகிறது. இன்று எச்ஐவிக்குத் தரும் டெனோஃபோவிர் குறிவைப்பது அந்த நொதியைத்தான்.

டெங்குவுக்கு அப்படியொரு மாத்திரை இன்னும் நம் கைக்கு வரவில்லை. நீராகாரம், ஓய்வு, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், மருத்துவர் சொல்லும் நாட்களில் ரத்தப் பரிசோதனை. ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் ரத்தக்கசிவை அதிகமாக்கலாம் என்பதால் தொடக்கூடாது. காய்ச்சல் இறங்கிய பிறகு வயிற்றுவலியோ விடாத வாந்தியோ ஈறில் ரத்தமோ தெரிந்தால், அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.