லேண்ட் இம்பாக்ட் 1 என்றால் லேசான பொருள் என்று யார் சொன்னது?

போன வாரம் இன்னொருவர். செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகத்தில் லேக் அடிக்கிறது, படம் திக்கித் திக்கி நகர்கிறது என்று யாரிடமோ கேட்டிருக்கிறார். கிராபிக்ஸ் கார்டை மாற்றுங்கள் என்று பதில் வந்திருக்கிறது. மாற்றியும் விட்டார். லேக் அப்படியே இருக்கிறது. என்னிடம் வருகிறவர்கள் எல்லோருமே காசு போன பிறகுதான் வருகிறார்கள்.

இவர் எழுபது வயதை நெருங்கும் பெண்மணி, கனடாவில் தனியாக இருக்கிறார். பத்து வருடத்துக்கு மேலாக செகண்ட் லைஃபில் நிலம் வாடகைக்கு எடுத்து, வீடு கட்டி, தோட்டம் போட்டு வாழ்ந்து வருகிறார். மாலையில் தோழிகள் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்து பேசுவார்களாம். சில மாதங்களாக வரவேற்பறைக்குள் நுழைந்தாலே எல்லாம் திக்கித் திக்கி நகர்கிறது. சுவரில் மாட்டிய ஓவியம் ஒரு நொடி தெளிகிறது, மறு நொடி மங்குகிறது, திரும்பத் தெளிகிறது. பொருட்களை வாங்கிய கடையின் குழுவிலேயே கேட்டிருக்கிறார். "உங்கள் கம்ப்யூட்டர் பழசு. என் பொருட்கள் எல்லாம் லேண்ட் இம்பாக்ட் 1தான்" என்று செய்தவரே சொல்லிவிட்டார். நிலத்தின் கொள்ளளவில் ஒரு பொருள் எவ்வளவு எடுக்கிறது என்று காட்டும் எண்தான் லேண்ட் இம்பாக்ட். புதுக் கார்டுக்குப் பழைய பவர் சப்ளை போதவில்லை. அதையும் மாற்றியிருக்கிறார். ஓய்வூதியப் பணம்.

தெளிந்து மங்கும் ஓவியம் என்று அவர் சொன்னதுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஓவியத்தில் குற்றமில்லை. டெக்ஸ்சர், அதாவது பொருட்களின் மேல் ஒட்டும் படங்களுக்கான நினைவகம் நிரம்பி வழிகிறது. அந்த உலகத்தைத் திரையில் காட்டும் செயலியான வியூவர், ஒன்றைத் தூக்கி எறிந்துவிட்டு இன்னொன்றை ஏற்றுகிறது, பிறகு எறிந்ததையே திரும்பத் தேடுகிறது.

செகண்ட் லைஃபில் அவர் வீட்டுக்குப் போனேன். அலமாரியில் ஆறு தேநீர்க் கோப்பைகள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு பூ வேலைப்பாடு. அழகாகத்தான் இருந்தன. ஃபயர்ஸ்டார்ம் வியூவரில் ஒரு கோப்பையின் மேல் வலது கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் கொடுத்தேன். வெளிப்பக்கம், உட்பக்கம், கைப்பிடி, சாசர் என்று நான்கு முகங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் நிறம், மேடுபள்ளம், பளபளப்பு என மூன்று டெக்ஸ்சர்கள். பன்னிரண்டும் 1024க்கு 1024. அதாவது, திரையில் கட்டைவிரல் நகம் அளவுக்குத் தெரியும் கைப்பிடிக்கு, ஒரு முழுச் சுவருக்குப் போடும் அளவு.

1024 டெக்ஸ்சர் ஒன்று கார்டின் நினைவகத்தில் அமுக்காமல் விரிந்தால் 4 எம்பி. கோப்பை ஒன்றுக்கு 48 எம்பி. ஆறுக்கும் ஒரே டெக்ஸ்சர் என்றால் ஒருமுறைதான் ஏறும். இங்கே ஆறுக்கும் தனித்தனி. 288 எம்பி, ஆறு கோப்பைக்கு! அதே கைப்பிடிக்கு 128க்கு 128 போட்டிருந்தால் 64 கேபி. அறுபத்துநான்கில் ஒரு பங்கு. அந்த அலமாரிக்கு முன்னால் நின்றால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

லேண்ட் இம்பாக்ட்? ஒரு கோப்பைக்கு 1. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. எனக்குக் கோபமே அங்கேதான்.

லேண்ட் இம்பாக்ட் எண்ணில் டெக்ஸ்சர் கணக்கே கிடையாது. திரும்பச் சொல்கிறேன், கிடையவே கிடையாது. பொருளின் வடிவத்தைப் பதிவிறக்க ஆகும் சுமை, இயற்பியல் சுமை, சர்வர் சுமை என மூன்றைக் கணக்கிட்டு, அதில் எது பெரிதோ அதைத்தான் அந்த எண் காட்டுகிறது. நிலத்தில் இன்னும் எத்தனை பொருள் வைக்கலாம் என்பதற்கு அது அளவுகோல். உங்கள் கார்டு எவ்வளவு சுமக்கிறது என்பதற்கு அல்ல. லேண்ட் இம்பாக்ட் 1 உள்ள கோப்பை ஒரு வீட்டையே திணற வைக்கலாம், 30 உள்ள மரம் பஞ்சு போல இருக்கலாம்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். 2003 ஜூனில் செகண்ட் லைஃப் தொடங்கியபோது எல்லாமே பிரிம் என்ற அடிப்படை வடிவங்கள்தான். பெட்டி, உருளை, பந்து. 256 மீட்டர் சதுரமான நிலப்பகுதி ஒன்றுக்கு, அதாவது ஒரு ரீஜனுக்கு, நெடுங்காலம் 15,000 பிரிம்தான் வரம்பு. நாற்காலிக்குப் பன்னிரண்டு பிரிம் என்றால் பன்னிரண்டு துண்டு, யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்கலாம். செய்வதும் உலகத்துக்குள்ளேயே நடந்தது. சாண்ட்பாக்ஸ் என்ற பொதுப் பயிற்சி நிலத்தில் ஒருவர் கதவு செய்து கொண்டிருப்பார், பக்கத்தில் நிற்பவர் பார்த்துக் கற்றுக்கொள்வார். 2011இல் மெஷ் வந்தது, வெளியே செய்து உள்ளே ஏற்றும் முப்பரிமாண வடிவம். பட்டறை பிளெண்டர், மாயா போன்ற வெளி மென்பொருள்களுக்குக் குடிபோனது. பார்ப்பவர் கண்ணுக்கு இப்போது முடிந்த பொருள் மட்டும்தான் வருகிறது. பிரிம் எண் இருந்த இடத்தில் லேண்ட் இம்பாக்ட் வந்து உட்கார்ந்தது. எட்டு வருடம் ஒரு எண்ணைப் பார்த்துப் பழகியவர்கள் அதே இடத்தில் இருக்கும் புது எண்ணையும் அதே அர்த்தத்தில்தான் படிப்பார்கள். அவர்கள் மேல் ஒரு தவறும் இல்லை. வித்தியாசம் தெரிந்தவர்கள் நாம், செய்பவர்கள். நாம்தான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததோடு நிற்கவில்லை, அந்த எண்ணையே விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டு விற்கிறோம்.

நானும் 2011லிருந்து மெஷ் செய்து விற்பவன். அதனால் உரிமையோடு சொல்கிறேன். நெடுங்காலம் ஒரு டெக்ஸ்சர் ஏற்றக் கட்டணம் செகண்ட் லைஃப் நாணயத்தில் 10 லிண்டன் டாலர்தான், அது 64 ஆனாலும் 1024 ஆனாலும். அதனால் எல்லாவற்றையும் 1024இல் ஏற்றும் பழக்கம் வந்தது. விற்பனைப் படத்தில் பளிச்சென்று இருக்கும். செலவு வாங்குபவரின் கார்டில் விழுகிறது.

இன்னொன்று, இதைவிட மோசம். லேண்ட் இம்பாக்ட்டைக் குறைக்கச் சிலர் தூரத்து வடிவங்களை, அதாவது தள்ளி நின்று பார்க்கும்போது காட்டப்படும் எளிய மாதிரிகளை, வெட்டி எறிந்துவிடுகிறார்கள். பத்து மீட்டர் தள்ளிப் போனால் சோபா கிழிந்த முக்கோணங்களாகத் தொங்கும். அதற்குப் பெட்டியில் ஒரு குறிப்புச் சீட்டு வைப்பார்கள், தூரத்திலும் நுணுக்கமாக வரையச் சொல்லும் வியூவர் அமைப்பை ஏற்றச் சொல்லி: "எல்.ஓ.டி. அளவை 4 ஆக்குங்கள்." ஐயா, அந்த அமைப்பு உங்கள் சோபாவுக்கு மட்டுமா வேலை செய்கிறது? கண்ணில் படும் ஒவ்வொரு மரத்தையும் வேலியையும் முழு நுணுக்கத்தோடு வரையச் சொல்கிறது. உங்கள் பொருளில் உள்ள ஓட்டையை மூட, வாங்கியவர் தன் உலகம் முழுவதையும் கனமாக்கிக்கொள்ள வேண்டுமா? அந்த அம்மாவின் வியூவரிலும் 4தான் இருந்தது. எந்தக் கடை சொன்னது என்று அவருக்கு நினைவில்லை.

நிகழ்ச்சிக் கூடங்களில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். இசை கேட்கப் புதிதாக வந்த ஒருவரை, "உங்கள் மேல் 6 எம்பி ஸ்கிரிப்ட் இருக்கிறது" என்று எல்லோர் முன்னாலும் வெளியே அனுப்பினார்கள். நான் அங்கே இருந்தேன். ஸ்கிரிப்ட் என்றால் மாட்டிய பொருட்களை இயக்கும் சிறு நிரல். மோனோ வகை ஸ்கிரிப்ட் ஒன்றுக்கு 64 கேபி என்பது உச்சவரம்பு. எழுதியவர் வரம்பைக் குறைத்து வைக்காவிட்டால், உள்ளே பத்து கேபி பயன்படுத்தினாலும் கணக்கில் 64 என்றே காட்டும். நூறு ஸ்கிரிப்டுக்கு 6.4 எம்பி ஆகிவிடுகிறது. அதில் முக்கால்வாசி தூங்கிக் கொண்டிருக்கும் ஸ்கிரிப்ட். ரீஜனைத் திணறடிப்பது ஸ்கிரிப்ட் எடுக்கும் நேரம், இந்த எண் அல்ல. பாதி தெரிந்த ஒருவர் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத ஒருவரை அவமானப்படுத்திவிட்டார். அந்தப் புதியவர் அதன் பிறகு அங்கே வந்து நான் பார்க்கவில்லை.

சரி, பயன்படுத்துபவர்களுக்கு. கார்டு வாங்கும் முன் கன்ட்ரோல், ஷிஃப்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். புள்ளிவிவரப் பட்டை திறக்கும். அதில் ரீஜன் சர்வரின் வேகமான சிம் எஃப்.பி.எஸ். 45ஐ ஒட்டி இருந்து, உங்கள் திரையில் நொடிக்கு எத்தனை படம் என்று காட்டும் எஃப்.பி.எஸ். மட்டும் குறைவாக இருந்தால் சிக்கல் உங்கள் கண் முன்னால் இருக்கும் பொருட்களிலோ கம்ப்யூட்டரிலோ. ரீஜன் எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் டைம் டைலேஷன் 1க்கு வெகு கீழே போனால் சிக்கல் ரீஜனில். அதை எந்தக் கார்டும் சரிசெய்யாது. பிறகு ஒரு வெற்று நிலத்துக்குப் போய் நின்று பாருங்கள். அங்கே படம் வழுக்கிக்கொண்டு ஓடினால் உங்கள் கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டில் இருக்கும் ஏதோ ஒன்றுதான் குற்றவாளி.

உடலுக்கு நிறம் மாற்ற, நகத்துக்குச் சாயம் பூச என்று திரையில் மாட்டும் ஹட் என்ற கட்டுப்பாட்டுப் பலகைகளை வேலை முடிந்ததும் கழற்றுங்கள். தயவுசெய்து கழற்றுங்கள். சின்னப் பட்டன் போலச் சுருக்கி ஓரத்தில் ஒதுக்கினாலும் அவற்றின் டெக்ஸ்சர்கள் நினைவகத்தை விட்டுப் போவதில்லை. அம்மாவின் திரையில் ஐந்து இருந்தன. ஒன்று எதற்கென்றே அவருக்குத் தெரியவில்லை.

பொருள் வாங்கும் முன் கடையில் வைத்திருக்கும் மாதிரியை இன்ஸ்பெக்ட் செய்யுங்கள். கோப்பை, காதணி போன்ற சின்னப் பொருளின் டெக்ஸ்சர் நினைவகம் பத்து எம்பியைத் தாண்டினால் வாங்காதீர்கள். எல்.ஓ.டி.யை 1க்குக் குறைத்து, கேமராவைப் பின்னால் இழுத்துப் பாருங்கள். அறைக்குள் வைக்கும் சோபா பத்து மீட்டரில் உடைந்தால் அது சரியாகச் செய்யாத சோபா. நகைக்கும் துணிக்கும் கூடுதல் கவனம் வேண்டும். உடம்பில் மாட்டுவதற்கு லேண்ட் இம்பாக்ட் கணக்கே இல்லை என்பதால், கையில் கிடைத்ததையெல்லாம் அதில் திணிக்கிறவர்கள் உண்டு. மாற்றும் உரிமை இல்லாத பொருளைக் கூடியவரை தவிருங்கள். பின்னால் குறை தெரிந்தாலும் ஒரு டெக்ஸ்சரைக்கூட உங்களால் மாற்ற முடியாது. "கம்ப்யூட்டரை மாற்றுங்கள்" என்று யாராவது சொன்னால், எந்த எண்ணைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

செய்பவர்களிடம் கெஞ்சித்தான் கேட்கிறேன். கைப்பிடிக்கு 128 போதும். நான்கு முகத்தையும் ஒரே 512க்குள் அடுக்கிவிடலாம், பிளெண்டரில் கால் மணி நேர வேலை. தூரத்து வடிவங்களை நீங்களே கையால் செய்யுங்கள். மாற்றும் உரிமை கொடுங்கள். திருடுகிறவனை அது தடுப்பதும் இல்லை, காசு கொடுத்தவரைத்தான் கட்டிப்போடுகிறது. விளம்பரத்தில் லேண்ட் இம்பாக்ட்டுக்குப் பக்கத்தில் டெக்ஸ்சர் நினைவகத்தையும் போடுங்கள். வாடிக்கையாளர் லேக் என்று வந்தால், முதலில் உங்கள் பொருளை நீங்களே ஒருமுறை இன்ஸ்பெக்ட் செய்து பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

அம்மாவின் ஆறு கோப்பைகளையும் எடுத்து இன்வென்டரியில், அவருடைய சேமிப்புப் பையில், வைக்கச் சொன்னேன். ஹட்களைக் கழற்றச் சொல்லி, எல்.ஓ.டி.யை 2க்கு இறக்கினேன். இரண்டு நிமிடத்தில் ஓவியம் தெளிந்து அப்படியே நின்றது. அவர் கொஞ்ச நேரம் எதுவும் எழுதவில்லை. பிறகு, கார்டைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். கடைச் சீட்டைப் பார்க்கச் சொன்னேன். கெடு முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.