தபால் ஆபீஸில் பத்து லட்சம்: எதில் போடுவது?

ஓய்வு பெற்ற கையோடு செக்கை எடுத்துக்கொண்டு தபால் ஆபீஸ் கவுண்டருக்குப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, “எதுக்கு சார் வட்டி ஜாஸ்தி?” என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: இந்தப் பணம் எனக்கு எப்போது கையில் வேண்டும்?

60 வயது நிரம்பியவர் முதலில் பார்க்க வேண்டியது மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். 2025 நிலவரப்படி வட்டி 8.2 சதவீதம். ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரலுக்கு முன் வரம்பு 15 லட்சம்தான். பத்து லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய் வரும். ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி முதல் தேதிகளில்தான் வட்டி விழும். இது தெரியாமல் அடுத்த மாதமே பாஸ்புக்கை நீட்டி ஏமாறுகிறவர்கள் உண்டு.

மாதா மாதம் வேண்டும் என்றால் மாத வருமானத் திட்டம். வட்டி 7.4 சதவீதம், வயது வரம்பு இல்லை. தனிக் கணக்கில் 9 லட்சம், கூட்டுக் கணக்கில் 15 லட்சம் வரை போடலாம். 9 லட்சத்துக்கு மாதம் 5,550 ரூபாய். எடுக்காமல் விட்ட வட்டிக்கு வட்டி கிடையாது; அதனால் செலவுக்குத் தேவைப்படாதவர்கள் அதை அப்படியே ஆர்.டி.யில் (மாதா மாதம் கட்டும் தொடர் வைப்பு) திருப்பிவிடுவார்கள். பழைய உத்தி, இன்றும் பலிக்கிறது. என்னைக் கேட்டால், மூன்று மாதம் தாக்குப்பிடிக்க முடிகிற மூத்தவர் 0.8 சதவீதத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

வட்டியே இப்போது வேண்டாம் என்பவருக்குத் தேசிய சேமிப்புப் பத்திரம்: 7.7 சதவீதத்தில் 1,000 ரூபாய் ஐந்து வருடத்தில் 1,449 ஆகும். இந்த மூன்றிலும் போட்ட நாளின் வட்டிதான் ஐந்து வருடத்துக்கும். அரசு பிறகு குறைத்தாலும் உங்களைத் தொடாது. பி.பி.எஃப். எனும் பொது வருங்கால வைப்பு நிதி அப்படியல்ல. அதன் வட்டியை அரசு காலாண்டுதோறும் மாற்றலாம், 15 வருடம் காத்திருக்கவும் வேண்டும். ஆனால் வட்டிக்கு வரி இல்லை. அது சம்பாதிக்கும் பிள்ளைகளுக்கான கணக்கு. மாதம் 5ஆம் தேதிக்குள் கட்டச் சொல்லுங்கள். தாண்டினால் கட்டிய தொகைக்கு அந்த மாத வட்டி போச்சு.

சரி, நடுவில் பணம் தேவைப்பட்டால்? இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மூத்த குடிமக்கள் கணக்கை ஒரு வருடத்துக்குள் முடித்தால், வாங்கிய வட்டியை அசலில் கழித்துக்கொள்வார்கள். ஒன்றிலிருந்து இரண்டு வருடத்துக்குள் என்றால் அசலில் 1.5 சதவீதம், அதற்குப் பிறகு 1 சதவீதம் பிடிப்பார்கள். மாத வருமானக் கணக்கை முதல் வருடத்தில் மூடவே முடியாது. சேமிப்புப் பத்திரத்தையோ இறப்பு, நீதிமன்ற உத்தரவு போன்ற சில காரணங்கள் தவிர நடுவில் உடைக்க விதி இடம் தராது.

ஆகவே பத்தையும் ஒரே கணக்கில் கொட்ட வேண்டாம். ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று ஒன்றிரண்டு லட்சத்தை ஒரு வருட டெபாசிட்டில் வையுங்கள். அதை ஆறு மாதத்துக்குப் பிறகு முடித்துக்கொள்ளலாம். மீதிக்கு மூத்த குடிமக்கள் திட்டம். அதில் கணவன் மனைவி மட்டுமே சேர்ந்து கணக்குத் தொடங்கலாம், இரண்டாமவருக்கு 60 ஆகியிருக்க வேண்டியதில்லை. படிவத்தில் வாரிசு நியமனக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடாதீர்கள்.