ஸ்பெக்ட்ராஸ்கோபி: நிறமாலையா, அலைமாலையா?

எம்ஆர்ஐ எடுத்தால் மூளையின் உருவம் தெரியும். அந்த மூளை ஆற்றலை எப்படிச் செலவழிக்கிறது என்று பார்க்க, அதே காந்தத்துக்குள் படுக்கவைத்தே இன்னொரு சோதனையும் செய்கிறார்கள், அதுதான் எம்ஆர் ஸ்பெக்ட்ராஸ்கோபி. தமிழில் 'காந்த ஒத்ததிர்வு நிறமாலையியல்' என்று எழுதுவது வழக்கம். காந்தம் சரி, ஒத்ததிர்வும் சரி. எனக்கு இடிப்பது அந்த நிறம்.

'ஸ்பெக்ட்ரம்' இலத்தீன் சொல். தோற்றம் என்று பொருள், ஆவியுரு என்றும் பொருள் உண்டு. முப்பட்டகம் பிரித்துக் காட்டிய வண்ணப் பட்டைக்கு 1670-களில் நியூட்டன் இதைப் பெயராக்கினார். 'ஸ்கோபி' கிரேக்கத்திலிருந்து வந்தது, பார்த்தல். (சேர்த்துப் படித்தால் பேய் பார்ப்பது!) நியூட்டனின் அந்தப் பட்டைக்கு 'நிறமாலை' அருமையாகப் பொருந்தும். இலங்கைப் பாடநூல்களில் 'திருசியம்' என்பார்கள், அதாவது காணப்படுவது. இலத்தீன் மூலத்துக்கு அதுதான் கிட்டே நிற்கிறது.

ஆனால் மூளைச் சோதனையில் நிறமே கிடையாது. காந்தப்புலத்தில் இருக்கும் அணுக்கரு ரேடியோ அலையை வாங்கித் திருப்பித் தருகிறது, அந்த அணு எந்த மூலக்கூறில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அதிர்வெண் பத்து லட்சத்தில் சில பங்கு விலகும், அந்த விலகலை வரைந்தால் வரிசையாக முகடுகள் வரும், அவ்வளவுதான். பாஸ்பரஸ்-31 அணுவைக் கேட்டால், செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியின் மூன்று பாஸ்பேட்டுக்கும் மூன்று முகடு, அதற்குக் கையிருப்பாக நிற்கும் பாஸ்போகிரியேட்டினுக்கு ஒன்று. கனிம பாஸ்பேட்டின் முகடு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை வைத்துச் செல்லின் அமிலத்தன்மையையே கணக்கிடலாம். உடல் எடையில் சுமார் 2 சதவீதமே இருந்துகொண்டு ஆற்றலில் 20 சதவீதத்தை விழுங்கும் உறுப்பை, கத்தி வைக்காமல் இப்படி விசாரிக்க முடிகிறது. 2018-இல் யேல் பல்கலைக்கழகக் குழு டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய குளுக்கோஸைக் குடிக்கவைத்து, அது மூளையில் வழக்கமான பாதையில் போய்க் குளுட்டமேட்டாக மாறுகிறதா, பாதி உடைந்த நிலையில் லாக்டேட்டாகத் தேங்குகிறதா என்று படமாகவே காட்டியது. மூளைப் புற்றுக்கட்டியில் லாக்டேட் கூடுதலாகத் தெரிந்தது.

சரி, நிறம் வேண்டாமென்றால் வேறென்ன? 'அலைக்கற்றை'யைத் தொலைபேசி ஏலம் எடுத்துக்கொண்டுவிட்டது. 'அலைமாலை' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, ரேடியோ அலைக்கும் ஒத்துவரும். அப்புறம், 'இயல்' என்பது துறைக்குத்தான் பொருந்தும், ஒருவருக்குச் செய்யும் சோதனைக்கு 'ஆய்வு' போதும். ஆக, நான் எழுதுவது 'காந்த ஒத்ததிர்வு அலைமாலை ஆய்வு'. நீளம்தான், இரண்டாம் முறை வரும்போது 'அலைமாலை ஆய்வு' என்று சுருக்கிக்கொள்கிறேன்.