கொலாபரேஷன்: ஒத்துழைப்பா, கூட்டுழைப்பா?

லத்தீனில் ‘காம்’ என்றால் கூட, ‘லபோராரே’ என்றால் உழைத்தல். இரண்டும் சேர்ந்த ‘கொலாபரேஷன்’ என்ற சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பிரான்சில் ஜெர்மானியருக்குத் துணைபோனதையும் அதே சொல்லால் குறித்தார்கள். அந்தக் கறை இன்றும் அகராதியில் இருக்கிறது.

தமிழில் இதை ‘ஒத்துழைப்பு’ என்பது பொருந்தாது. 1920-இல் காந்தியடிகள் தொடங்கியது ஒத்துழையாமை இயக்கம். அங்கே மறுக்கப்பட்டது கோஆப்பரேஷன், அதாவது இன்னொருவர் நடத்தும் காரியத்துக்கு இசைந்துபோவது. ‘கூட்டுறவு’ சங்கத்துக்கும் வங்கிக்கும் உரியதாகிவிட்டது. எங்கள் தேர்வு கூட்டுழைப்பு. லாபமோ நட்டமோ எல்லாருக்கும் என்பதுதானே கூட்டு வியாபாரம்? செட்டிநாட்டில் இதை விளக்க வேண்டியதில்லை.

பொதுச் சுகாதார இளநிலை மாணவர்களுக்கு இந்த வேறுபாடு களத்தில்தான் பிடிபடும். காரைக்குடிப் பக்கம் டெங்குக் கொசுப்புழுக் கணக்கெடுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர், 100 வீடு. ஆளுக்கு 20 என்று பிரித்துக்கொண்டு கடைசியில் கூட்டினால் அது ஒத்துழைப்பு. அங்கேதான் கணக்கு கெடும். இங்கே பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் நிறைய. 30 வீடு பூட்டியிருந்து, 7 வீட்டில் புழு இருந்தால் வீட்டுக் குறியீடு, அதாவது பார்த்த வீடுகளில் புழு இருந்தவற்றின் சதவீதம், 7 அல்ல, 10; பார்த்த 70 வீட்டால்தான் வகுக்க வேண்டும். ஒருவர் பூட்டிய வீட்டையும் சேர்ப்பார், ஒருவர் விடுவார். கொல்லையில் கிடக்கும் பழைய ஆட்டுக்கல்லின் குழியை ஒருவர் தண்ணீர் தேங்கும் பாத்திரமாக எண்ணுவார், இன்னொருவர் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்.

கூட்டுழைப்பு என்றால் முதல் ஐந்து வீட்டை ஐவரும் சேர்ந்தே பார்க்க வேண்டும். தனித்தனியே குறித்து, வாசலிலேயே ஒப்பிட்டு, வேறுபட்ட இடத்தில் விதியை எழுதி வைக்க வேண்டும். பிறகு இரண்டு இரண்டு பேராகப் போகலாம். மிஞ்சும் ஒருவர் தாள்களைச் சரிபார்ப்பார். வீட்டு ஆச்சியிடம் பேசுவது, டார்ச் அடித்துத் தேடுவது, எழுதுவது, சரிபார்ப்பது எல்லாம் முறை வைத்து மாற வேண்டும். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று ஒரு பெண்ணையே கடைசிவரை எழுதவைப்பது மிகவும் தவறு. அவர் புழுவைத் தேடக் கற்காமலே பட்டம் வாங்கிவிடுவார்.

மதிப்பெண்ணில் ஒரு பகுதி குழுவுக்கு, ஒரு பகுதி தனியாளுக்கு. அறிக்கையின் எந்தப் பகுதியைப் பற்றியும் யாரிடமும் கேட்கலாம் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். “அது அவன் பார்த்த பகுதி சார்” என்று பதில் வந்தால் குழு முழுவதும் அந்தப் பகுதியைத் திரும்பச் செய்யட்டும்.