சும்மா கிடக்கும் நிலமும் சட்டப் பிரிவின் பயமும்

விரிவாக்கத்துக்கு வாங்கிப் போட்ட மனை, பாதுகாப்புக்காக விட்ட இடைவெளி, மின்கம்பித் தடத்தின் கீழே ஓடும் பட்டை, கல் எடுத்து முடித்த குவாரி என நிறுவனங்களிடம் சும்மா கிடக்கும் நிலம் நிறைய உண்டு. அதில் பறவையும் பூச்சியும் வாழ வழி செய்யச் சொன்னால் நிர்வாகம் மறுப்பதில்லை. 'பார்க்கலாம்' என்பார்கள். கோப்பு சட்டப் பிரிவுக்குப் போய் அங்கேயே படுத்துவிடும்.

அரிய உயிரினம் ஏதாவது வந்து குடியேறிவிட்டால் நாளைக்குக் கிடங்கு கட்ட அனுமதி கிடைக்காதே என்ற பயம்தான் காரணம். அந்தப் பயத்தில் நியாயமும் உண்டு. அமெரிக்காவில் ரெட் காக்கேடட் மரங்கொத்தி என்ற பறவை, உயிரோடு நிற்கும் முதிய பைன் மரங்களைக் குடைந்துதான் கூடு வைக்கும். அப்போது அழியும் உயிரினமாக அறிவிக்கப்பட்டிருந்த அந்தப் பறவை வந்தால் மரத்தை வெட்ட முடியாது. ஆகவே சில நில உரிமையாளர்கள் மரம் முதிர்வதற்குள்ளேயே வெட்டி விற்றார்கள். காக்க வந்த சட்டம் சில இடங்களில் கூட்டுக்கான மரத்தையே இல்லாமல் செய்தது.

இதற்கு மாற்றாக 1995-இல் வடக்கு கரோலினாவின் சேண்ட்ஹில்ஸ் பகுதியில் 'சேஃப் ஹார்பர்' ஒப்பந்தம் வந்தது. கையெழுத்திடும் நாளில் நிலத்தில் எத்தனை மரங்கொத்திக் குடும்பங்கள் உள்ளன என்று எண்ணிக்கொள்வார்கள். அதுதான் தொடக்கக் கணக்கு. உரிமையாளர் வாழிடத்தை மேம்படுத்தி, பறவை பெருகினால், கூடுதலாக வந்தவற்றுக்காக அவர் மீது புதுக் கட்டுப்பாடு விழாது. ஒப்பந்த விதிப்படி பழைய கணக்குக்குத் திரும்பலாம். நெதர்லாந்தில் 'தற்காலிக இயற்கை' என்ற ஏற்பாடு உண்டு. கட்டடத்துக்குக் காத்திருக்கும் மனையில் உயிரினங்களை வரவிட்டு, வேலை தொடங்கும்போது அகற்றிக்கொள்ள முன்கூட்டியே அனுமதி பெறலாம். வெற்று மணலையே விரும்பும் தேரை, உப்புக்கொத்தி வகைகளுக்குச் சில ஆண்டு இடம் கிடைத்தாலும் லாபம்தான். அவை இயல்பிலேயே இடம் மாறி வாழ்பவை.

சட்டப் பிரிவு ஒப்புக்கொண்ட பிறகு அடுத்த முட்டுக்கட்டை புல்வெட்டும் ஒப்பந்தம். ஒப்பந்ததாரருக்கு ஒரு வெட்டுக்கு இவ்வளவு என்று கூலி. அடிக்கடி வெட்டினால்தான் அவருக்கு வரும்படி. பிறகு யார் சொல்லி நிறுத்துவார்? கூலியை ஆண்டுக்கு இவ்வளவு என்று மாற்றி, வெட்டும் மாதத்தையும் உயரத்தையும் எழுதி வைப்பதே முதல் வேலை.

வெட்டுவதை அடியோடு நிறுத்துவதும் தவறு. சில ஆண்டுகளில் முரட்டுப் புல்லும் புதரும் பூச்செடிகளை அமுக்கிவிடும். விதை உதிர்ந்த பிறகு, ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை, தரையிலிருந்து 10–15 செ.மீ. விட்டு வெட்ட வேண்டும். நிலத்தை மூன்றாகப் பிரித்து ஒரு பங்கை மாற்றி மாற்றி வெட்டாமல் விட்டால், தண்டுக்குள் இருக்கும் பூச்சி முட்டைகளும் கூட்டுப்புழுக்களும் பிழைக்கும். இயந்திரம் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் போகட்டும். ஓரத்தில் தொடங்கினால் தவளையும் முயலும் நடுவில் மாட்டிக்கொள்ளும். வெட்டிய புல்லை ஓரிரு நாள் காயவிட்டு, விதை கொட்டியதும் அள்ளிவிட வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். புல் அங்கேயே மக்கினால் மண் கொழுக்கும். கொழுத்த மண்ணில் முரட்டுப் புல்தான் ஜெயிக்கும். காட்டுப்பூக்களுக்கு ஏழை மண்ணே சொர்க்கம் என்பதை, வண்டி வண்டியாய் வளமான மேல்மண்ணைக் கொட்டும் தோட்ட ஒப்பந்ததாரரை நம்ப வைப்பது லேசல்ல.

புதிதாக விதைப்பதானால் சதுர மீட்டருக்கு 3–5 கிராம் போதும். அவ்வளவு குறைந்த விதை கைக்குச் சீராக வராது. உலர்ந்த மணலில் கலந்து தூவி, மூடாமல் உருளையால் அழுத்துங்கள். முதல் ஆண்டில் களைதான் தெரியும். 'காசு போச்சு' என்று யாராவது உழுதுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாதையோரம் ஒரு மீட்டர் மட்டும் ஒட்ட வெட்டி வைத்தால், உள்ளே நிற்பது திட்டமிட்டு வளர்த்ததென்று பார்ப்பவருக்குப் புரியும், புகாரும் குறையும்.

செலவு கேட்பவருக்கு மின்தடங்களைக் காட்டலாம். பென்சில்வேனியாவில் 1953 முதல் ஒரு மின்தடத்தில் ஆய்வு நடக்கிறது. உயரமாக வளரும் மரக்கன்றுகளை மட்டும் நீக்கி, குட்டைப் புதர்களை விட்டுவைத்தால், அந்தப் புதர்களே புதுக் கன்றுகள் தலைதூக்காமல் தடுக்கின்றன. பறவைக்கும் இடம், பராமரிப்பும் குறைவு.

குளம் வெட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். முதலில் மண்ணைச் சோதியுங்கள். பழைய ரசாயனக் கழிவு கிடக்கும் இடத்துக்கு உயிரினங்களை அழைப்பது பொறி வைப்பதுதான். வாகன நிறுத்தத்து மழைநீரைக் குளத்தில் விடக்கூடாது. கரை சாய்வாக இருக்கட்டும். செங்குத்தாக இருந்தால் விழுந்த பிராணி ஏறாது. மீன் விட்டால் தலைப்பிரட்டைகளைத் தின்றுவிடும்.

பலன் தெரிய வண்ணத்துப்பூச்சிகளை எண்ணுவது எளிது. ஒரே பாதையில் வாரம் ஒருமுறை சீரான நடை, இருபுறமும் 2.5 மீட்டர், முன்னால் 5 மீட்டருக்குள் தென்படுவதை மட்டும் குறிக்க வேண்டும். புல்வெட்டும் முறையை மாற்றும் முன்பே ஒரு பருவமாவது இப்படி நடந்துவிட வேண்டும். பிறகு தொடங்கினால் ஒப்பிட எண் இருக்காது. சட்டப் பிரிவு கேட்கும் தொடக்கக் கணக்குக்குத் துணையாகக் காட்டவும் எதுவும் இருக்காது.