ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய இரண்டு நாள்

தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோன் 0.02, மிகக் குறைவு. தைராய்டு சுரக்கும் ஃப்ரீ டி4 மேல் எல்லையைப் போல இரண்டு மடங்கு. தைராய்டு ரிசெப்டார் ஆன்டிபாடி பாசிட்டிவ். தாளை மட்டும் பார்த்தால் தைராய்டு அதிகமாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய் என்று எழுதி, அதைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை ஆரம்பித்துவிடலாம். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு நாடித்துடிப்பு 72. கை நடுங்கவில்லை, எடை குறையவில்லை, கழுத்தில் வீக்கமும் இல்லை. அவர் வந்ததே முடி கொட்டுகிறது என்றுதான். ஆளும் ரிப்போர்ட்டும் இப்படி ஒட்டாமல் நின்றால் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: முடிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள்?

பதில் பெரும்பாலும் பயோட்டின் என்ற வைட்டமின். மருந்துக் கடையிலும் ஆன்லைனிலும் தாராளமாகக் கிடைக்கும் மாத்திரை, மிட்டாய்போல மெல்லும் கம்மி (gummy) இரண்டிலும் 5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என்று இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குப் போதுமான அளவு 30 மைக்ரோகிராம். அதாவது 10 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, தேவையைப் போல முந்நூறு மடங்குக்கும் மேல். உடம்புக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை, அதிகப்படி சிறுநீரில் போய்விடும். அது கெடுப்பது பரிசோதனையை.

ஹார்மோன் அளக்கும் பல இயந்திரங்களில் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் பூசிய நுண்மணிகள் இருக்கின்றன. ஸ்ட்ரெப்டாவிடினும் பயோட்டினும் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்ளும். டி.எஸ்.எச். அளக்கும்போது அந்த ஹார்மோனை இரண்டு ஆன்டிபாடிகள் இரு பக்கமும் பிடிக்கின்றன. ஒன்றின் வாலில் பயோட்டின், மற்றதில் ஒளிரும் பொருள். பயோட்டின் வால் மணியில் போய் உட்கார்ந்தால்தான் அந்தக் கூட்டணி கழுவிப் போகாமல் தங்கும், ஒளி வரும். ரத்தத்திலேயே பயோட்டின் நிறைய இருந்தால், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல மணியின் இருக்கைகளையெல்லாம் அது பிடித்துக்கொள்ளும். ஆன்டிபாடி நின்றுகொண்டே வந்து, கழுவும்போது இறங்கிப் போய்விடும். ஒளி குறைவு, ஆகவே டி.எஸ்.எச். குறைவு என்று இயந்திரம் சொல்லும்.

ஃப்ரீ டி4, ஃப்ரீ டி3 போன்ற சிறிய மூலக்கூறுகளை அளக்கும் முறை இதற்குத் தலைகீழ். அங்கே ஒளி குறைந்தால் ஹார்மோன் அதிகம் என்று கணக்கு. ஆகவே அதே பயோட்டின் அங்கே எண்ணை ஏற்றிவிடும். ரிசெப்டார் ஆன்டிபாடி பரிசோதனையும் இந்த வகைதான். மூன்று எண்களும் பொய், மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தும் பொய். அதனால்தான் அனுபவமுள்ளவர்களும் ஏமாறுகிறார்கள். பாராதைராய்டு ஹார்மோன், எல்.எச்., எஃப்.எஸ்.எச். போன்றவை பொய்யாகக் குறையும். கார்ட்டிசால், டெஸ்டோஸ்டிரோன், வைட்டமின் டி பொய்யாக ஏறும். மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனினும் குறைந்து காட்டலாம். அப்படிக் குறைந்து காட்டிய ஒருவர் இறந்த பிறகு, 2017 நவம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரிக்கை வெளியிட்டது.

எல்லா இயந்திரமும் இப்படி ஏமாறாது. பயோட்டினே இல்லாத வடிவமைப்புகள் உண்டு. சில நிறுவனங்கள் தங்கள் ரசாயனத்தை மாற்றியும் விட்டன. உங்கள் லேப் எந்த வகை என்று வெளியிலிருந்து தெரியாது என்பதால் எளிய வழி, ரத்தம் கொடுப்பதற்கு முன் குறைந்தது 2 நாள் பயோட்டினை நிறுத்துவது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், 100 மில்லிகிராமுக்கு மேல் எடுப்பவர்களுக்கும் இரண்டு நாள் போதாது. சாதாரண மல்டிவைட்டமினில் இருக்கும் முப்பது, ஐம்பது மைக்ரோகிராமுக்குப் பயப்பட வேண்டியதில்லை. லேப்காரர்களுக்குச் சந்தேகம் வந்தால் அதே மாதிரியை வேறு முறை இயந்திரத்தில் ஓட்டிப் பார்ப்பதே சுருக்கமான வழி.

அடுத்தது, மாத்திரை என்றே யாரும் கணக்கில் எடுக்காத மாத்திரை. "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்றால் "ஒன்றும் இல்லை" என்பார்கள். "கேஸ் மாத்திரை?" என்றால், "அது தினமும் காலையில் போடுவேன்" என்பார்கள். அந்தக் கேப்சூல் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அமிலத்தைக் குறைக்கும் பேண்டோப்ரசோல் அல்லது ராபெப்ரசோலோடு, குமட்டலுக்கான டாம்பெரிடோனோ லீவோசல்பிரைடோ சேர்ந்திருக்கும். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனுக்கு, மூளையிலிருந்து வரும் டோபமின்தான் பிரேக். இந்த இரண்டு மருந்தும் அந்தப் பிரேக்கைத் தளர்த்திவிடும். விளைவு: மாதவிடாய் தள்ளிப் போகும், சிலருக்கு மார்பில் பால் கசியும், புரோலாக்டின் 25 நானோகிராமுக்குள் இருக்க வேண்டியது 80, 100 என்று வரும். வாந்தி மருந்தான மெட்டோகுளோப்ரமைடும் மனநல மருந்தான ரிஸ்பெரிடோனும் 200-ஐயே தாண்ட வைக்கக்கூடும்.

இதைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும்? எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். எந்தத் தொந்தரவும் இல்லாத பெரியவர்களிலேயே சுமார் பத்தில் ஒருவருக்குப் பிட்யூட்டரியில் சின்னப் புள்ளி ஏதாவது தெரியும். இப்போது கையில் அதிக புரோலாக்டினும் இருக்கிறது, கட்டியும் இருக்கிறது. புரோலாக்டினைக் குறைக்கும் காபர்கோலின் தொடங்கிவிடுவார்கள். காலையில் டோபமினைத் தடுக்கும் கேப்சூல், வாரம் இரண்டு முறை டோபமின் வேலையைச் செய்யும் மாத்திரை. ஒரே ஆளின் வயிற்றில் இரண்டும்.

செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்வது. கூடவே டி.எஸ்.எச்.; தைராய்டு குறைந்திருந்தாலே புரோலாக்டின் ஏறும். பிறகு, டாக்டரிடம் சொல்லிவிட்டு டாம்பெரிடோன் வகையை 3 நாள் நிறுத்தி மறுபடி எடுப்பது. மனநல மருந்தை மட்டும் யாரும் தானாக நிறுத்தக் கூடாது; அதை எழுதிய டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ரத்தம் எடுப்பது தூங்கி எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து. படியேறி மூச்சு வாங்க வந்தவருக்கு உடனே ஊசி போடாமல் கொஞ்ச நேரம் உட்கார வைக்க வேண்டும்.

எண் அதிகமாகவே இருக்கிறது, ஆனால் மாதவிடாய் ஒழுங்கு, பால் கசிவு இல்லை என்றால் மேக்ரோபுரோலாக்டினா என்று பார்க்க லேபிடம் கேட்கலாம். அதாவது, புரோலாக்டின் ஓர் ஆன்டிபாடியோடு ஒட்டிப் பெரிய உருண்டையாக ரத்தத்தில் சுற்றும். வேலை செய்யாது, ஆனால் இயந்திரம் அதையும் எண்ணும். சீரத்தோடு சம அளவு 25 சதவீத பாலிஎத்திலீன் கிளைகால் கரைசல் கலந்து, பத்து நிமிடம் வைத்து, சுழற்றி, மேலே நிற்கும் தெளிவை அளந்து இரண்டால் பெருக்க வேண்டும். முதலில் வந்த எண்ணில் 40 சதவீதத்துக்குக் கீழே மிஞ்சினால் பெரும்பகுதி வேலை செய்யாத உருண்டைதான். பெரிய செலவில்லாத இந்தப் பரிசோதனையை எம்.ஆர்.ஐ.க்கு முன்னால் கேட்பவர்கள் குறைவு என்பது எங்கள் வருத்தம்.

தைராய்டு மாத்திரை போடுகிறவர்களுக்கு விஷயம் சின்னது. அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். முன்னால் போட்டால் ஃப்ரீ டி4 சில மணி நேரம் உயர்ந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில், வெறும் வயிற்றில் கொடுங்கள். டிஃபனுக்குப் பிறகு டி.எஸ்.எச். இறங்கும், எல்லையில் நிற்கும் 5 என்ற எண்ணை இயல்பாகக் காட்ட அந்த இறக்கமே போதும். டோஸ் மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் பரிசோதனை. இரண்டு மாதம் விட்டு விட்டுப் போட்டுவிட்டு, டெஸ்டுக்கு முந்தைய வாரம் மட்டும் ஒழுங்காகப் போட்டால் டி4 சரியாகவும் டி.எஸ்.எச். அதிகமாகவும் வரும். ரிப்போர்ட்டே காட்டிக்கொடுத்துவிடும். ஃபில்டர் காபிக்கும் மாத்திரைக்கும் நடுவே அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேரம்.

சர்க்கரைக்கு வருவோம். மூன்று மாத சராசரி என்று சொல்லும் எச்.பி.ஏ1சி, சிவப்பணு சுமார் 120 நாள் வாழும் என்று நம்பித்தான் பேசுகிறது. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் எண் சற்று ஏறும். ஹீமோகுளோபின் 9, எச்.பி.ஏ1சி 6.6, வெறும் வயிற்றுச் சர்க்கரை 94 என்று ஒரு பெண்ணுக்கு வந்தால், சர்க்கரை நோய் என்று முத்திரை குத்துவதற்கு முன் இரும்பைச் சரிசெய்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். ரத்தம் ஏற்றியவர்கள், ரத்தப்போக்கு இருந்தவர்கள், டயாலிசிஸில் சிவப்பணுவைப் பெருக்கும் எரித்ரோபொய்டின் ஊசி போடுகிறவர்கள் ஆகியோருக்கு எண் பொய்யாக இறங்கும். சிக்கிள் செல் போன்ற ஹீமோகுளோபின் மாறுபாடு இருந்தால் சில இயந்திரங்கள் குழம்பும். இந்தியாவில் அந்த மாறுபாடு 1952-இல் முதலில் கண்டறியப்பட்டது நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், அங்கே எச்.பி.ஏ1சியை மட்டும் நம்பி உட்கார முடியாது.

அப்போது குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனைதான் கைகொடுக்கும். 75 கிராம் என்பது நீரற்ற குளுக்கோஸின் கணக்கு. பாக்கெட்டில் மோனோஹைட்ரேட் என்று போட்டிருந்தால் 82.5 கிராம் வேண்டும். ஸ்பூன் கணக்கு கூடவே கூடாது, தராசில் நிறுக்க வேண்டும். சுமார் 300 மில்லி தண்ணீரில் கரைத்து 5 நிமிடத்துக்குள் குடித்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் கடைத்தெருவுக்குப் போய்வரக் கூடாது. சென்னை மருத்துவர் வி. சேஷையா முன்னெடுத்த டிப்சி முறையில் கர்ப்பிணிகளுக்கு வெறும் வயிறு தேவையில்லை; இரண்டு மணி நேரத்தில் 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் எடுக்க வேண்டும்.

எடுத்த ரத்தமும் சும்மா இருப்பதில்லை. குழாயிலுள்ள அணுக்கள் அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரையைத் தின்னும். 130 இருந்தது ஒரு மணி நேரத்தில் 122 ஆகலாம். வெறும் வயிற்றில் சர்க்கரை நோய் என்று சொல்லும் 126 என்ற கோடு நடுவில் எங்கோ போய்விட்டது. சாம்பல் மூடிக் குழாயில் சர்க்கரை குறைவதைத் தடுக்கும் ஃப்ளோரைடு இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. அது தடுப்பது இந்த வேதிப்பாதையின் கடைசிப் பக்கத்து நொதியை. முதல் ஒன்றிரண்டு மணி நேரம் முன்பக்கத்தில் தின்பது நடந்துகொண்டேதான் இருக்கும். சிட்ரேட் கலந்த குழாய் இதில் மேல். இல்லாவிட்டால் ஐஸில் வைத்து அரை மணிக்குள் சுழற்றிப் பிரிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பவர் ஏழு வீடு முடித்து, சித்திரை வெயிலில் பைக்கில் லேபுக்குப் போகிறார் என்றால் முதல் வீட்டு மாதிரியின் கதி என்ன? பையில் ஐஸ் பேக் இருக்கிறதா, எத்தனையாவது வீடு என்று கேட்பதில் தப்பே இல்லை. பல ரிப்போர்ட்டுகளில் ரத்தம் எடுத்த நேரம், லேபுக்கு வந்த நேரம் என இரண்டு அச்சாகியிருக்கும். சில இடங்களில் பில் போட்ட நேரத்தையே எடுத்த நேரமாகப் பதிந்துவிடுகிறார்கள். ஊசி போட்ட நேரத்தை நீங்களே ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.